மயிலாப்பூரில் ஒரே ஒரு ஃபேன்

சென்ற மாதம் கார்த்திகா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். "மேடம், வீட்டுக்கு வீடு போய்க் கேக்கற சர்வேயை நிறுத்தப் போறோம். புது மீட்டர் தானாவே தகவல் அனுப்பிடுது. இனிமே யாரையும் எதுவும் கேக்க வேண்டாம். கடைசி சர்வே அடுத்த மாசம் நடக்குது. நம்ம செய்தி மடலுக்கு நீங்க ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தரணும்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சீரியஸா இருந்தா நல்லது மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டாள். என்னை அவளுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மீட்டருக்கு என்ன தெரியும்? எவ்வளவு என்று சொல்லும், எதற்கு என்று சொல்லுமா? மனிதரைக் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று இரண்டு பக்கம் விளாசுவதாக முடிவு செய்து உட்கார்ந்தேன். அதற்குள் வீட்டு வாசலில் ஒன்று நடந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் படித்த கதை சுருக்கமானது. சென்னையில் எம்.ஏ., வெளிநாட்டில் ஒரு குளிர்ப் பிரதேசத்தில் டாக்டர் பட்டம், நடுவில் கல்யாணம். மின்சாரத்தின் விலை ஏறினால் மக்கள் எத்தனை விளக்கை அணைப்பார்கள் என்பதை நான்கு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். என் கணவர் சங்கரன் எந்த விலையிலும் எந்த விளக்கையும் அணைக்க மாட்டார் என்பதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தேன். அதற்கு யாரும் பட்டம் தரவில்லை.

சங்கரன் ஆடிட்டர். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். வாசலில் தொங்கும் பலகையில் அவர் பெயர் மட்டும் இருக்கும். இந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனம் அடையாறில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள சில நாடுகள் சேர்ந்து நடத்தியது. நகரங்களுக்கு இனி எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும், எங்கே மின் நிலையம், எந்தத் தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் என்று அரசாங்கங்களுக்கு யோசனை சொல்வது எங்கள் வேலை. கேட்பதும் கேட்காததும் அவர்கள் இஷ்டம். நான் அங்கே ஒப்பந்த ஊழியர். இரண்டு முறை ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். மூன்றாவது முறை நீட்டிக்க விதி இல்லை. ஒன்று வேலை நிரந்தரமாக வேண்டும், இல்லை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போனால் சங்கரனின் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மேலதிகாரி டாக்டர் மென்சா, கானா நாட்டுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். எதையும் நின்றுகொண்டுதான் படிப்பார். அவர் அறையில் ஒரு நாற்காலி உண்டு, அதில் அவருடைய கோட்டு மட்டும் உட்கார்ந்திருக்கும். குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் ஜெயந்தி. கொஞ்சம் கோபம் என்றால் மிஸஸ் ஜெயந்தி. 'புரொஃபசர்' என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவருக்குத் தமிழில் தெரிந்தது மூன்றே சமாச்சாரம். 'போதும்', 'இன்னும் கொஞ்சம்' இரண்டையும் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் கற்றுக்கொண்டார். மூன்றாவது 'யார்'. அதை மட்டும் எழுதவும் பழகியிருந்தார். எங்கள் அறிக்கைகளின் ஓரத்தில் நீலப் பென்சிலால், கால்கள் கோணலாக, 'யார்?' என்று எழுதுவார். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்க வேண்டும், அவர் யார் என்று நமக்குச் சொல்லத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு முறை நான் 'சராசரி சென்னைக் குடும்பம்' என்று எழுதிவிட்டு ஒரே வரிக்கு மூன்று 'யார்?' வாங்கினேன்.

நான் சொல்லப் போகும் சர்வே, வீடுகளிலும் கடைகளிலும் என்னென்ன மின் சாதனங்கள் இருக்கின்றன என்பதைப் பற்றியது. முறைகளை மென்சாவே வகுத்திருந்தார். தெரு முனையில் வலது கைப் பக்கம் தொடங்கி ஒவ்வொரு பத்தாவது கதவையும் தட்ட வேண்டும். பூட்டியிருந்தால் இரண்டு தடவை திரும்பிப் போக வேண்டும். எங்கள் ஊழியர் வீடு வந்தால் விட்டுவிட்டு அடுத்த கதவு. படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும். பதில் சொன்னவர் கடைசியில் தன் கையாலேயே சுருக்கொப்பம் போட வேண்டும். தெருத் தெருவாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் ஜமீல், ராயப்பேட்டைக்காரர். அவருடைய மோட்டார் சைக்கிள் போகாத சந்து தென் சென்னையில் கிடையாது.

முடிவுகள் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பங்களில் ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி என்று சரமாரியாக இருந்தன. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் மயிலாப்பூரில் ஐந்து அறை கொண்ட சொந்த வீடுகள், வீட்டுக்கு ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். ஃபிரிட்ஜ் இல்லை. ஏசி இல்லை. வருமானம் கூடினால் மின்சாரச் செலவும் கூடும் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. மயிலாப்பூர் அந்தப் புத்தகங்களைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஜமீல் அப்போதே எச்சரித்தார். "மேடம், இன்னாமோ சரியில்ல. வாசல்ல நின்னு கேக்கசொல்ல உள்ளேருந்து சில்லுனு காத்து வருது. ஏசி இருக்கான்னா இல்லேன்றாங்க. மைலாப்பூர்ல அல்லாரும் சாமியாராவா கீறாங்க?"

"அது பழைய வீடுகளோட கட்டட அமைப்பு ஜமீல். முற்றம் இருக்கு, காத்து சுத்தி வரும்" என்றேன்.

"ரெண்டாவது மாடி ஃபிளாட்ல ஏது மேடம் முத்தம்?"

பதில் இல்லாத இடத்தில்தான் எங்கள் தொழிலில் கோட்பாடு பிறக்கும். நான் ஒரு கோட்பாட்டைப் பெற்றெடுத்தேன். 'மயிலாப்பூர் முரண்பாடு' என்று பெயரும் வைத்தேன். வசதி இருந்தும் எளிமையாக வாழும் மரபு, அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்கே சாப்பிடுவதால் ஃபிரிட்ஜை நாடாத சமையலறை, வெயிலை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் மனப்பக்குவம் என்றெல்லாம் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். முடிவில், இப்பகுதிக்குக் கூடுதல் டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை என்று பரிந்துரையும் செய்தேன். இதையெல்லாம் எங்கள் வீட்டு மாடியில் ஏசியைப் போட்டுக்கொண்டு எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் மட்டும் விதிவிலக்கு என்று மனதாரவே நம்பினேன். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வெளிநாட்டில் இருந்த எங்கள் தலைமையகத்துக்குக் கட்டுரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உலகமே மயிலாப்பூரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கடிதம் வந்தது. பல நாட்டு எரிசக்தி அமைச்சர்கள் கூடும் மாநாட்டில் அதை மென்சா வாசிப்பதாக ஏற்பாடு. என் வேலையை நிரந்தரமாக்கும் தேர்வுக் குழு அதற்கு முந்தின வாரம் புதன்கிழமை கூடுவதாக இருந்தது. இந்த ஒரு கட்டுரைதான் என் கையில் இருந்த துருப்புச் சீட்டு.

மென்சா கட்டுரையை ஜன்னலோரம் நின்று படித்தார். பாராட்டவில்லை. ஓர் அட்டவணையில் மட்டும் 'யார்?' என்று எழுதித் திருப்பித் தந்தார். ஒரு பகுதிக்கு மொத்தமாகப் போகும் மின்சாரத்திலிருந்து ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தைக் கடைசியில் 'பிற' என்று போடுவோம். வழக்கமாக 'பிற' ஒரு சுண்டைக்காய் அளவு இருக்கும். மயிலாப்பூரில் அது மற்ற எல்லா வரிகளையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. கோயில் விளக்குகள் என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தேன்.

"இந்தப் பிற என்பவர் ரொம்பச் சாப்பிடுகிறார். யார் அவர்? வெள்ளிக்கிழமை வாசித்துப் பார்க்கலாம், மிஸஸ் ஜெயந்தி" என்றார்.

வாசிப்பது என்பது அவருடைய இன்னொரு முறை. ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் மூலப் படிவங்களில் இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு உருவ வேண்டும். நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்தபடி கேட்பார். வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஆரம்பித்தோம். பதினோராவது படிவம், வரிசை எண் நாற்பத்தேழு. "வீடு, சொந்தம். அறைகள், ஐந்து. மின்விசிறி, ஒன்று. விளக்கு, ஒன்று. குளிர்சாதனப் பெட்டி, இல்லை" என்று படித்துக்கொண்டே வந்து அடியில் பார்த்தேன். குறிப்பு என்ற இடத்தில், 'மேற்கண்ட தகவல்கள் எந்தப் பொறுப்பும் ஏற்காமல் அளிக்கப்படுகின்றன' என்று இருந்தது. பச்சை மசி. அதன் கீழே பச்சை மசியிலேயே ஒரு சுருக்கொப்பம். அந்தக் கொக்கியை நான் கல்யாணப் பதிவுப் புத்தகத்திலிருந்து பார்த்துவருகிறேன்.

என் வாய் நின்றுவிட்டது. "யார்?" என்றார் மென்சா, திரும்பாமலே. "கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசி வந்தது. அவர் பக்கத்து அறைக்குப் போன ஒரு நிமிஷத்தில் என் கை அந்தப் படிவத்தை எடுத்து, மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டது. கைதான் செய்தது என்று எழுதுகிறேன், ஆனால் மூளைக்கும் தெரியும். அவர் திரும்பி வந்ததும் அடுத்த படிவத்தைப் படித்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஏன்னா, நம்மாத்துக்குச் சர்வேன்னு யாராவது வந்தாளா?"

"வந்தான். ரெண்டு மாசம் இருக்கும். நீ டெல்லி போயிருந்தே."

"என்ன சொன்னேள்?"

"ஒரு ஃபேன், ஒரு லைட்டுன்னேன்."

"அது என் சர்வேன்னா."

சங்கரன் கண்ணாடியைக் கழற்றினார். "அதை அவன் சொல்லலையே. எவனோ ஃபாரத்தைத் தூக்கிண்டு வந்து நின்னா உள்ளதை ஒப்பிச்சுடறதா? இன்னிக்கு ஃபேனை எண்ணுவான், நாளைக்கு கரண்ட் மானியத்துல கையை வைப்பான். என் கிளையண்டுக்கெல்லாம் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், வாயைக் குடுத்து மாட்டிக்காதே. நானே குடுப்பேனா?"

"பொய் சொல்லியிருக்கேளே."

"பொய் இல்லை. அவன் நின்ன எடத்துலேர்ந்து பாத்தா ஒரு ஃபேன்தான் தெரியும்."

வாசல் பலகையில் என் பெயர் இல்லாததால், இது ஊழியர் வீடு என்று வந்தவனுக்குத் தெரிந்திருக்காது. நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீடுதானே, ஒரு படிவம் தப்பானால் ஒரு கோட்பாடு சாகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "எதிராத்து ராகவன் என்ன சொன்னாராம்?" என்று கேட்டேன்.

"அதையே. அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். பின்தெருவுல அசோசியேஷன் மீட்டிங்லயும் சொன்னேன். ஊர்ல எல்லாரும் எங்கிட்டதானே கேக்கறா?" அவர் குரலில் பெருமை வேறு.

மயிலாப்பூரின் எளிமை மரபு யாரால் உருவானது என்று அந்த நிமிஷம் விளங்கியது. பதினெட்டுப் பக்கமும் என் புருஷன் வாயிலிருந்து வந்தவை. அழுகை வந்தது. அதை மறைக்கக் கத்தினேன். "நீங்க சொன்னதை நம்பி இந்த ஏரியாவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம்னு எழுதியிருக்கேன், தெரியுமா?"

அவர் முகம் முதல் தடவையாக மாறியது. "வேண்டாம்னா எழுதினே? மத்தியானம் வோல்டேஜ் இல்லாம ஏசி மொனகிண்டே கெடக்கே?"

"எந்த ஏசி?" என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் படிவம் என் பையிலேயே இருந்தது. எடுத்துக் கிழித்துப் போட்டால் எவருக்கும் தெரியாது. கட்டுரை மாநாட்டுக்குப் போகும், புதன்கிழமை வேலை நிரந்தரமாகும். சங்கரனும் ஒரு கட்டத்தில், "கிழிச்சுடேன்" என்றார், ஆறுதலாக. நான் அதையும் யோசித்தேன். ஆனால் யார் என்று தெரிந்துவிட்ட பிறகு தெரியாத மாதிரி அந்த மனிதரின் முன்னால் எப்படி நிற்பது? பயமாக இருந்தது, அதைவிட அதிகமாக அசிங்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மென்சாவின் மேஜையில் படிவத்தை வைத்தேன். ஓரத்தில் தயிரும் எலுமிச்சை ஊறுகாய் எண்ணெயும் படிந்திருந்தன. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"யார்?"

"என் கணவர்."

"இந்த ஒரு ஃபேன்?"

"ஏழு. ஏசி மூன்று. ஃபிரிட்ஜ் இரண்டு. தெருவில் மற்றவர்களுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இதை நான் திருடிக்கொண்டு போனேன்."

மென்சா நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்து மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான்கு வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான், தீர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். "நாளைக்கு அவரைச் சந்திக்க முடியுமா, புரொஃபசர்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு மென்சாவும் ஜமீலும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சங்கரன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். காபி கொடுத்தேன். மென்சா புதுப் படிவம் ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தில் முறைப்படி முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார். வீட்டில் எத்தனை மின்விசிறிகள்?

"ஒன்று" என்றார் சங்கரன்.

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கூடத்து ஏசி அவர் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜ், கூடத்தில் ஒரு ஃபிரிட்ஜ், இரண்டுக்கும் நடுவில் மென்சா. "குளிர்சாதனப் பெட்டி?" "இல்லை." ஜமீல் காபி டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டார். மென்சா ஒவ்வொரு பதிலையும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். நான் கண்ணால் சங்கரனை எரித்தேன். முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு காபி நேரத்தில் மாற்ற முடியாது என்று பிற்பாடு எனக்கு விளக்கம் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு மின்வெட்டு பன்னிரண்டிலிருந்து இரண்டு. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. உள்ளே வாஷிங் மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. சங்கரனிடமிருந்து முதலில் ஆங்கிலம் போயிற்று, பிறகு பொறுமை போயிற்று.

"பாருங்கோ, போயிடுத்தா? தினம் இதே ரோதனை. பெரிய ஃப்ரிட்ஜ்ல நேத்து அரைச்ச மாவு, சாயங்காலத்துக்குள்ள பொங்கி வழியும். சின்ன ஃப்ரிட்ஜ்ல என் இன்சுலின். வாஷிங் மெஷின் பாதில நின்னா கதவு தெறக்காது, என் வேஷ்டி ரெண்டு மணி வரைக்கும் உள்ள ஊறிண்டு கெடக்கும். மோட்டார் போட முடியாது, டாங்க்ல தண்ணி கிடையாது. இங்க ஒரு ஏசி, மாடில ஒரு ஏசி, பெட்ரூம்ல ஒண்ணு, மூணு வாங்கி என்ன பிரயோஜனம்? நானா வெசிறிக்கணும்?"

ஜமீல் தணிந்த குரலில் மொழிபெயர்த்தார். ஃபிரிட்ஜ், இரண்டு. வாஷிங் மெஷின், ஒன்று. மோட்டார், ஒன்று. ஏசி, மூன்று. மென்சாவின் பேனா படிவத்தின் மேல் அமைதியாக நகர்ந்தது. சங்கரன் மூச்சு வாங்க நிறுத்தியதும் மென்சா குனிந்து, "இன்னும் கொஞ்சம்" என்றார், அழகான தமிழில்.

அந்த உபசாரத்தில் சங்கரன் உருகிவிட்டார். கிரைண்டர், மிக்ஸி, கீசர், கம்ப்யூட்டர் இரண்டு, ஒரு மணி நேரத்தில் உயிரை விடும் இன்வர்ட்டர், பழுதான பிறகும் தூக்கிப் போட மனசில்லாத டேபிள் ஃபேன் என்று எல்லாம் வந்தன. எனக்கே தெரியாத ஒரு ஷேவர்கூட வந்தது. கடைசியில் மென்சா கையை உயர்த்தி, "போதும்" என்றார்.

படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார். சங்கரன் டிக்குகளைப் பார்த்துத் திகைத்துப்போனார். "இதெல்லாம் நான் எப்ப சொன்னேன்?"

"இப்போதான் சார். பத்து நிமிஷமா சொல்லிக்கினு கீறீங்க" என்றார் ஜமீல்.

மென்சா அன்றைக்குத்தான் முதல் முறை வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டேன். வாசலில் செருப்பு போடும்போது என்னிடம் சொன்னார்: "உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. என்ன கஷ்டம் என்று கேட்டால் எல்லாம் இருக்கிறது. நாம் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டோம், ஜெயந்தி." ஜெயந்தி என்றார். புரொஃபசர் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புதன்கிழமை தேர்வுக் குழுவில் மூன்று பேர். மென்சா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். இந்த நிறுவனத்துக்கு உங்கள் முக்கியமான பங்களிப்பு என்ன என்று தலைவர் கேட்டார். "மயிலாப்பூர் முரண்பாடு" என்றேன். நல்ல கட்டுரை என்று அவர் தலையாட்டினார். "அது தப்பு. நேற்று என் வீட்டுக் கூடத்தில் அது செத்துப்போயிற்று. திரும்ப சர்வே எடுக்க ஆறு வாரம் வேண்டும்" என்றேன். வந்தது வரட்டும் என்று ஊறுகாய் உட்பட முழுக் கதையையும் சொன்னேன். இரண்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள், தலைவர் சிரிக்கவில்லை. என் கோப்பில் மென்சாவின் கருத்து என்ன என்று தேடிப் பார்த்தார். நீலப் பென்சிலால் ஒரு வரி இருந்ததாம்: 'யார் என்று கேட்டால் தன் வீட்டையே காட்டிக் கொடுப்பார், வைத்துக்கொள்ளுங்கள்.' வைத்துக்கொண்டார்கள்.

அந்த மாநாட்டில் மென்சா மேடையேறி, நாங்கள் ஏமாந்தோம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். நாங்கள் புதுப் படிவம் தயாரித்தோம். முதல் கேள்வி, கரண்ட் போனால் உங்களுக்கு என்ன கஷ்டம்? பதில் சொன்னவர் யார், என்ன வேலை என்பது கடைசிக் கேள்வி. அது மென்சா சேர்த்தது. ஜமீலோடு நானும் சில நாள் அலைந்தேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி, வாசலில் முழுவதும் குளிரூட்டப்பட்டது என்று மூன்றாள் உயரத்துக்குப் பலகை மாட்டிவைத்துக்கொண்டு, பழைய படிவத்தில் ஃபேன் இரண்டு என்று சொல்லியிருந்தார். இந்த முறை கஷ்டத்தைக் கேட்டதும், "அதை ஏன் கேக்கிய தாயி, நாலு மாடிக்கும் ஏசி நின்னு போச்சுன்னா பட்டுச்சேலை எடுக்க வந்த பொம்பளையளுவ எந்திரிச்சுப் போயிருதாவ" என்று ஆரம்பித்து லிஃப்ட், கேமரா வரை கொட்டித் தீர்த்துவிட்டார்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் செல்வி மட்டும் எங்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "போன தபாவே சொன்னேனே. ஃபிரிட்ஜ் கீது, டிவி கீது, பக்கத்து வூட்டு மிக்ஸியும் இங்கதான் கீது. ஒரே கேள்விய எத்தினி தபா கேப்பீங்க?" அவளுக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்தான். அவள் படிவத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

'பிற' சுண்டைக்காயாகச் சுருங்கியது. ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் தெரு முனையில் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. எங்கள் அறிக்கையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சங்கரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கஷ்டத்தைக் கேட்கும் அந்தக் கேள்வியைப் பல நாட்டுச் சர்வேக்களில் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஓய்வு பெறும் நாள் வரை எனக்கு இருந்த பெயர் அந்த ஒரு கேள்வியால் வந்ததுதான்.

இப்போது கடைசியில் சொல்வதாகச் சொன்ன விஷயம். போன செவ்வாய்க்கிழமை, கார்த்திகா சொன்ன அந்தக் கடைசி சர்வேக்காக ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். பலகையில் இன்னும் சங்கரன் பெயர் மட்டும்தான். அவள் சிரித்தமுகமாக, "கரண்ட் போனா உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?" என்று கேட்டாள். என் கேள்வி என் வாசலுக்கே வந்து நின்றது. எனக்குப் புல்லரித்தது.

சங்கரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தடவை ஏமாந்த மனிதர் அல்லவா. "எங்களுக்கு என்னம்மா கஷ்டம்? ஒரு ஃபேன், ஒரு லைட்டு. ஜன்னலைத் தெறந்தா காத்து" என்றார்.

அந்த நிமிஷம் மாடி ஏசியிலிருந்து சொட்டென்று ஒரு துளி அவள் டேப்லெட்டில் விழுந்தது. அவள் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க சொல்லுங்க. சார் சொல்றது சரியா?"

நாற்பது வருஷப் படிப்பு, எத்தனையோ நாடு, எத்தனையோ மேடை. நான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா, ஒரு ஃபேன்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று ஒருத்தி கேட்கிறாள், தானாக வந்துவிட்டது. "பதில் சொன்னவர் யாரு, என்ன வேலைன்னு போடணும் மேடம்" என்றாள். "ஹவுஸ் வைஃப்" என்றேன். சங்கரன் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை அன்பை நான் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை.

ஆகவே கார்த்திகா, விளாசுவதாக இருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மீட்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போன செவ்வாய்க்கிழமை மயிலாப்பூர்ப் படிவங்களில் ஒன்றைத் தயவுசெய்து திருத்த வேண்டும். ஃபேன் எட்டு. ஏசி நான்கு. ஃபிரிட்ஜ் இரண்டு. வாஷிங் மெஷின், மோட்டார், கிரைண்டர், கீசர், இன்வர்ட்டர் தலா ஒன்று. மேற்கண்ட தகவல்களுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன். யார் என்று கேட்டால், நான்தான்.

இதைப் படித்துப் பார்த்த சங்கரன் ஓர் ஏசியையாவது அடித்துவிடச் சொல்கிறார். அவருடைய பச்சை மசிப் பேனாவை நான் ஒளித்துவைத்திருக்கிறேன்.